இருபத்திரண்டு நெட்டைகள்

என்னை எல்லாரும் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். பண்ணையின் கருவி அறைக்கு நான் பொறுப்பு. இடுப்பில் பதினொரு சாவிகள் தொங்கும். கொஞ்சம் கால் சாய்த்து நடப்பவன் என்பதால் ஒவ்வோர் அடிக்கும் அவை குலுங்கும். மாட்டுக்கு மணி கட்டியதுபோல் சாவிக்குச் சாவியைக் கட்டிவிட்டார்கள் என்று களத்தில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது. மண்வெட்டி, அரிவாள், கூடை, தெளிப்பான், கயிறு எதுவானாலும் என் ஜன்னலுக்கு வந்து கை நீட்டினால்தான் கிடைக்கும் என்பதில் ஒரு மிதப்பு.

மேனேஜர் யாராவது பெரிய மனிதரைச் சுற்றிக் காட்டக் கூட்டிவந்தால், "இவன் ஆள் பாத்துக் குடுக்க மாட்டான்" என்று என்னைக் காட்டிச் சொல்வார். நானும் தலையாட்டுவேன். ஆறு மணிக்குக் கதவைத் திறப்பேன். முதலில் வருகிறவருக்கு முதலில். ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. அதுதான் என் சட்டம் என்று வாய் கிழியச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அதை எழுதும்போதே காது சுடுகிறது.

களை எடுக்க எங்களிடம் இரண்டு விதக் கொத்துகள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கியவை இருபத்திரண்டு. பிடி நெஞ்சு உயரம், தகடு அகலம், நின்றபடியே இழுத்தால் களை வேரோடு வரும். அவற்றுக்கு நெட்டை என்று பேர். மற்றவை பழசு. முழங்கை நீளப் பிடி, தேய்ந்த தகடு, தலை ஆடாமல் இருக்கப் பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே துணியைத் திணித்திருப்பார்கள். அவை குட்டை. குட்டையால் களை எடுக்க வேண்டுமானால் இரண்டாக மடிந்துதான் எடுக்க வேண்டும். பாதி வரிசை போவதற்குள் தலை கழன்றுவிடும், கல்லில் தட்டிச் செருகிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பதிவேட்டில் மட்டும் இரண்டுக்கும் ஒரே எழுத்து: களைக்கொத்து, ஒன்று.

களை எடுக்கும் ஆண்கள் இருபது பேர், பெண்கள் பதினெட்டுப் பேர். வேலை ஏழு மணிக்கு. ஆண்கள் ஆறு மணிக்கே வந்து என் ஜன்னலுக்கு எதிரில் டீயைக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். இருபத்திரண்டில் இருபது நெட்டை அவர்கள் தோளுக்குப் போய்விடும். பெண்கள் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடிவருவார்கள். தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, அந்த இருபது பேர் கையில் இருந்த சாப்பாட்டு டப்பாக்களையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த நேரம்தான் ஆகும். "மகாராணிங்க வந்தாச்சு, வழி விடுங்க" என்பேன் நான். ஆண்கள் சிரிப்பார்கள். பெண்களுக்குக் குட்டை.

மீதி இரண்டு நெட்டை? அவை என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கும். ஆண்களில் யாருக்காவது பிடி உடைந்தால் கொடுப்பதற்கு. பதினெட்டுப் பெண்களும் தினமும் அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டே குட்டையை வாங்கிப் போனார்கள்.

அந்தப் பதினெட்டில் என் அக்காவும் ஒருத்தி. அத்தான் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒன்பது வருடம் ஆகிறது. தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி அறை அவளுடையது. வேலைப் பட்டியலில் பேர் இருக்கிறவரைக்கும்தான் அறை. ட்ரெய்லர் ஏறி என் கால் நசுங்கிய வருடம், இவன் இனி எதற்கும் ஆகமாட்டான் என்று மேனேஜர் கை கழுவப் பார்த்தபோது, அலுவலக வாசலில் மூன்று நாள் நின்று எனக்கு இந்தச் சாவியை வாங்கித் தந்தவள் அவள்தான். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்றால், எல்லாரையும்போல ஒரு குட்டை கொடுத்தேன். கூடப்பிறந்தவள் என்று சலுகை காட்டவில்லை என்று அதற்கும் ஒரு மார்தட்டல்.

போன வருடம் ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் அக்கா இன்னும் மூன்று பெண்களோடு ஜன்னலில் நின்றாள். ஆண்களில் ஒருவர்கூட வரவில்லை. ரேடியோ என்று நாங்கள் கூப்பிடும் ஓயாத வாய்க்காரியும் கூட இருந்தாள். முதலில் வருகிறவருக்கு முதலில் என்றாயே, இந்தா வந்துவிட்டோம், நெட்டையை எடு என்றாள் அவள். எனக்கு மேஸ்திரி முகம்தான் கண் முன்னால் வந்தது. ஆண்களுக்கு ஒரு கொத்து சரியில்லை என்றால் அவர் வந்து ஜன்னல் கட்டையைத் தட்டிக் கத்துவார். பெண்கள் கத்தமாட்டார்கள். நெட்டை எல்லாம் எழுதி வைத்தாகிவிட்டது, மேஸ்திரி நேற்றே சொல்லிவிட்டுப் போனார் என்று சொன்னேன். அப்படி ஒன்றும் இல்லை. அக்கா எதுவும் கேட்காமல் குட்டையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் சீக்கிரம் வரவில்லை.

இந்த வருடம் மக்காச்சோளத்துக்கு முதல் களை எடுக்கும் சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை. யார் ஒரு மணிக்கு எத்தனை வரிசை எடுக்கிறார்கள் என்று பத்து நாள் வரப்பில் நின்று எழுதினார். நல்ல பெண். வெயிலில் நின்று மூக்கு உரிந்துபோனது. யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. கடைசி நாள் காலையில் கருவி அறைக்குள் வந்து என் பதிவேட்டைப் புரட்டினார். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசை இன்னும் கலையவில்லை.

"எல்லாருக்கும் ஒரே கருவிதானா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம். ஒரே கொத்துதான். பதிவேட்டுலயே இருக்கே."

அவர் திருப்தியடையவில்லை. சிலது நீளமாக இருக்கிறதே, ஆண்கள் கையில்தான் அதிகம் பார்த்தேன், அது ஏன் என்று மறுபடி கேட்டார். பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். பத்து வார்த்தைகூடத் தேவையில்லை. ஆள் பார்த்துக் கொடுக்காதவன் என்ற பேர் போய்விடுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அது அவங்கவங்க விருப்பம் மேடம். பொம்பளைங்களுக்குக் குட்டைதான் வசதி. குனிஞ்சே பழகிட்டாங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. மேனேஜர் களத்தில் எல்லாரையும் நிற்கவைத்து வாசித்தார். மதியத்துக்குள் ஆண் ஆறு வரிசை, பெண் நான்கு வரிசை. கருவி இருவருக்கும் ஒன்றே. பெண் தொழிலாளர்கள் குட்டைப் பிடியையே விரும்புகிறார்கள். ஆகவே அடுத்த மாதம் முதல் களை வேலைக்கு ஆண்கள் மட்டும், பெண்களை அறுவடைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். மேனேஜர் கெட்டவர் இல்லை. எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எண் சொல்கிறது, நான் என்ன செய்ய என்றார்.

எனக்கு அக்காவைப் பார்க்கத் தைரியம் வராமல் சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுவடைக்கு வரும் தற்காலிக ஆட்களுக்கு அறை கிடையாது. மாதக் கடைசியில் அவள் காலி செய்ய வேண்டும். என் வீட்டில் ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கிறோம். அவளுக்கு இடம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை ஒரு காரியம் செய்தேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், வாயால் சொல்லப் பயந்தவன் கையால் செய்த வேலை. இருபத்திரண்டு நெட்டைகளையும் உரமூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஆறு மணிக்கு வந்த ஆண்களிடம் தகடு தீட்டப் போயிருக்கிறது, இன்றைக்கு இதை வைத்துச் சமாளியுங்கள் என்று குட்டைகளை நீட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பெண்கள் வந்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நெட்டை.

"என்ன சாவி, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்றாள் ரேடியோ.

மதியம் நானே வரப்பில் போய் எண்ணினேன். பெண்கள் ஆறு வரிசை முடித்து ஏழாவதில் இருந்தார்கள். ஆண்கள் நான்கைக்கூட முடிக்கவில்லை. பாதிப் பேர் உட்கார்ந்து தகட்டைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தே விட்டான். இப்போது எல்லாருக்கும் புரிந்துவிடும், நான் வாய் திறக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மேஸ்திரி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, மேனேஜரைக் கையோடு கூட்டிவந்தார். மேனேஜர் ஒரு குட்டையை எடுத்துத் தரையில் இரண்டு கொத்து கொத்தினார். தலை கழன்று அவர் காலடியில் விழுந்தது.

"இத வச்சு எவன் வேலை செய்வான்?" என்றார். அவருக்கு உண்மையாகவே கோபம்.

ஆண்கள் குறைவாக வேலை செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அட்டையும் ஸ்டாப்வாட்சும் தேவைப்படவில்லை. கொத்து சரியில்லை என்பது ஒரு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. நாளைக்கே புதிய நெட்டை இருபது வாங்கச் சொல்லி அங்கேயே போன் போட்டார். பிறகு என்னைப் பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டார். இந்தக் குப்பையை எதற்கு வைத்திருக்கிறாய், யாருக்குக் கொடுப்பதற்கு என்றார்.

"ரெண்டு வருஷமா பொம்பளைங்களுக்குக் குடுத்துட்டு இருக்கேன் சார்."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். மேனேஜர் கோபம் தணிந்தவராய் என் தோளில் கைவைத்தார்.

"அக்கா வேலை போகுதுன்னு பேசுற. புரியுது. ஆனா அவங்களுக்குக் குட்டைதான் புடிக்கும்னு ரிப்போர்ட்ல இருக்கே. அத யாரு சொன்னா?"

சொன்னது நான்தான் என்பதை அப்போதும் மறைத்தேன். என் பொய்யை ஒரே மூச்சில் நம்பியவர்கள் என் உண்மையைப் பாசம் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதிகாரி தன் போன் எண்ணை என் பதிவேட்டின் அட்டையில் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு தடவை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை எடுத்துவிட்டார். நெட்டை, குட்டை, ஆறு மணி, ஆணியில் தொங்கிய இரண்டு, அந்த ஒரு நாள் சீக்கிரம் வந்த நான்கு பேர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நான் உங்ககிட்ட ரெண்டு தடவ கேட்டேன்" என்றார் அதிகாரி.

திட்டியிருந்தால் தேவலை. திங்கட்கிழமை வந்து மறுபடி எண்ணுவதாகச் சொன்னார். ஆனால் முதல் கணக்கைத் தள்ளிவைக்க ஒரு காரணம் காகிதத்தில் வேண்டுமாம். முன்பு சொன்னது பொய் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று அவரால் உறுதி சொல்ல முடியாது என்றார். போடுகிறேன் என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசானது. அந்த லேசை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஏதோ தியாகம் செய்துவிட்டதுபோல் அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்திருந்தாள். அறையில் பாதி சாமான் ஏற்கனவே மூட்டை கட்டியிருந்தது. பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கைக் கட்டைவிரல் மூட்டு வீங்கியிருப்பதால் பல்லால் கடித்துத்தான் முடிச்சை இறுக்கினாள். அந்த வீக்கத்தை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். தைலம்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன், குட்டையைக் கொடுத்த அதே கையால்.

மூட்டையை அவிழ், திங்கட்கிழமை மறுபடி எண்ணப் போகிறார்கள், நான் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றேன். எதற்குக் கையெழுத்து என்று அவள் கேட்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

"அன்னைக்கு அந்த மேடம் உன்னக் கேக்கும்போது ஜன்னலுக்கு வெளிய நான்தான்டா நின்னேன்" என்றாள். "குனிஞ்சே பழகிட்டாங்கன்னு நீ சொன்னது காதுல விழுந்துச்சு."

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஏன் அக்கா எதுவும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உன் வேலை போயிடும். உன் காலுக்கு வேற யாரு வேலை குடுப்பான்னு வாய மூடிக்கிட்டேன். அவங்க பதினேழு பேர்கிட்டயும் சொல்லல. தெனமும் அவங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிடுறேன். ரேடியோ புள்ளைங்கள எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு என்கிட்ட வந்து அழுறா. எனக்குத் தொண்டையில சோறு நிக்குது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் பொய்யை அவள் மூன்று வாரமாகச் சுமந்திருக்கிறாள், அறையும் போகிறது என்று தெரிந்த பிறகும். நான் அவள் முகத்தைப் பார்க்கக் கூசியதைப்போல அவள் மற்றப் பெண்களின் முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறாள். தப்பே செய்யாதவள்.

இனி பயப்பட மாட்டேன், உனக்காக இதைக்கூடச் செய்யமாட்டேனா என்று ஏதோ உளறினேன். அவள் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கையெழுத்துப் போடு. ஆனா எனக்காகப் போடுறேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு மட்டுமா நீ குட்டையக் குடுத்த? பதினெட்டு பேருக்கு நீ செஞ்சது அது. பதினெட்டு பேர் முன்னாடி போடு."

அப்படித்தான் போட்டேன். திங்கட்கிழமை ஏழு மணிக்கு, களத்து மேடையில், முப்பத்தெட்டுப் பேரும் மேனேஜரும் பார்க்க. நான் எழுதியதை அதிகாரி சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஆண்கள் முதலில் வந்தபோது ஆண்களுக்குக் கொடுத்தேன், பெண்கள் முதலில் வந்தபோதும் ஆண்களுக்கே கொடுத்தேன், பெண்களுக்குக் குட்டை பிடிக்கும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. மூன்றே வரி. வாசித்து முடிப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ரேடியோ என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள். உனக்கு முன்பே தெரியுமா என்று அவளிடம் கேட்டுவிடுவாளோ எனப் பயந்தேன். கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். என்னை யாரும் திட்டவும் இல்லை. ஆளாளுக்கு ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆண்களுக்காக வாங்கிய புதிய நெட்டைகள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. இரண்டு வருடமாக வராதவை, மேஸ்திரி ஒரு நாள் கத்தியதும் மூன்றே நாளில் வந்துவிட்டன. எல்லாருக்கும் ஒன்று போக நான்கு மிச்சம். அதிகாரி நாள் முழுக்க வரப்பில் நின்றார், அடுத்த ஐந்து நாளும் நின்றார். மதியத்துக்குள் ஆண்கள் ஆறு வரிசை, பெண்கள் ஆறுக்குக் கால் வரிசை குறைவு. அந்தக் கால் வரிசையும் பால்குடிப் பிள்ளை வைத்திருந்த இரண்டு பேர் இடையில் வீட்டுக்குப் போய்வந்ததால் என்று அவரே அடியில் எழுதினார். பெண்களை நிறுத்தும் உத்தரவை மேனேஜர் திரும்பப் பெற்றார். எனக்கு என்ன என்பதை மாதக் கடைசியில் சொல்வதாகச் சொன்னார். அதுவரை சாவி என்னிடம்தான்.

கணக்கு முடிந்த நாள் சாயங்காலம் பெண்கள் வரிசையாக வந்து நெட்டைகளை ஜன்னலில் சாய்த்துவிட்டுப் போனார்கள். நான் ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே வைத்தேன். அக்கா கடைசியாக வந்தாள். மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கியிருப்பாள் என்று நினைத்தேன், கேட்கத் தோன்றவில்லை. ஏதாவது பேச வேண்டும் என்று இருந்தது.

"நெட்டை நல்லா இருந்துச்சா அக்கா?" என்றேன்.

அவள் கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வீங்கிய விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடியும் நல்லாதான் இருந்திருக்கும்" என்றாள்.